வெள்ளைக்கு அறுபத்தொரு வெற்றி

“எங்கப்பாவுக்குப் புத்தி பிசகலைன்னு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நிரூபிக்கணும் சார். முடியுமா?”

கேட்டவள் நகரப் பேருந்து ஓட்டுநர். நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும் என்பது அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லோருமே கொஞ்சம் அவசரமாகத்தான் பேசுவார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எல்லோரும் கமா என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் தீ விபத்து இன்சூரன்ஸில் ஆய்வாளராக இருந்துவிட்டு, இப்போது துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். எரிந்துபோன கடைகளின் சாம்பலைக் கிளறி, தானாகப் பற்றியதா, யாராவது பற்ற வைத்ததா என்று சொன்னவர். எதிராளி எதைச் சொல்லி முடித்தாலும் “ம், அப்புறம்?” என்பார். யாருடைய பேச்சுக்கும் முற்றுப்புள்ளி வைக்க விடாததால் கமா.

அவருடைய உதவியாளர் ஜெராக்ஸ். முன்பு நகல் எடுக்கும் கடை வைத்திருந்தவள். மெஷின் கை மாறிப் போனது, பெயர் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. ஆள் குள்ளம், நாக்கு நீளம்.

“அஞ்சு மணிக்கு என்ன?” என்றார் கமா.

“வேன் வருது. மறதி நோய்க்காரங்களை வச்சுப் பாத்துக்கற இல்லத்துல இருந்து. அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“ம், அப்புறம்?”

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். அப்பா ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர். எந்த ரயில் எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று முப்பது வருடம் முடிவு செய்தவர். அம்மா தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நானூறு எண்கள் மனப்பாடம். இரண்டு பேரும் இப்போது பல் டாக்டரான அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். ஆறு மாதமாக அங்கே ஏதேதோ நடக்கிறது. குழாய் திறந்து கிடக்கிறது. வாசல் கதவு திறந்து கிடக்கிறது. போன மாதம் அடுப்பை அணைக்காமல் விட்டு, சமையலறைத் திரை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பாவே முன்னால் வந்து, “நான்தான், மறந்துட்டேன்” என்றார்.

“அண்ணன் பயந்துட்டான் சார். அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். இல்லத்துல இருந்து ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. அப்பா அதுல மொத்தமா ஃபெயில். அது போதாதுன்னு அப்பா கம்ப்யூட்டர்ல ஆடின செஸ் ஆட்டங்களை பிரிண்ட் எடுத்து ஒரு கோச்கிட்ட காட்டினான். இவருக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு அவரும் எழுதிக் கொடுத்துட்டார்.”

“நீங்க ஏன் நம்பல?”

“போன வாரம் அப்பா என் பஸ்ல ஏறினார். இறங்கறப்ப என் காதுல மெதுவா, ‘பின்னாடி வர்ற வண்டி நாலு நிமிஷம் லேட்டு, நீ நிதானமாப் போ’ன்னார். டிப்போவுல போய் விசாரிச்சேன். கரெக்டா நாலு நிமிஷம்.”

ஜெராக்ஸ் விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள்.

“நோயாளிக்குத் துணையா ஒருத்தர் கூடவே தங்கலாமாம். அதனால அம்மாவும் பெட்டி கட்டிட்டாங்க. நல்லா இருக்கற அம்மாவும் சேர்ந்து உள்ளே போகணுமா சார்? பிள்ளைங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் சேத்துக்குவாங்க. அண்ணன் போட்டுட்டான்.” அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் போட்டாள். “எங்கப்பா பைத்தியம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.”

கமா படிவத்தை விட்டுவிட்டு அதோடு இணைத்திருந்த கேள்வித்தாளை எடுத்தார். இருபது கேள்விகள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வருடத்துக்குப் பதினான்கு மாதமா? ஆம். இரும்பு தண்ணீரில் மிதக்குமா? ஆம். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? இல்லை.

கடைசிக் கேள்வியில் அந்த டிக் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

“இருபதும் தப்பு” என்றார் கமா.

“இருபதுமா?” ஜெராக்ஸ் எட்டிப் பார்த்தாள். “பாவம் சார். நான் எட்டாவதுல கண்ணை மூடிட்டு டிக் போட்டப்பவே இருபதுக்கு ஒன்பது வாங்கினேன்.”

“ம், அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஒண்ணுமே தெரியாதவன் போட்டாக்கூட பாதி சரியா...” ஜெராக்ஸ் நிறுத்திக்கொண்டாள்.

“அதேதான். மறந்துபோன மனுஷனுக்கு அஞ்சோ பத்தோ குருட்டாம்போக்குல சரியா விழுந்திருக்கும். இருபதையும் தப்பாப் போடணும்னா இருபதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்.”

ஓட்டுநர் அப்போதுதான் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

*

செஸ் கோச்சின் வகுப்பு ஒரு நீச்சல் குளத்துக்கு மேலே இருந்த ஹாலில் நடந்தது. குளோரின் வாடை படியேறி வந்து பலகைகளின் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. கோச், தன் தீர்ப்பை யாரோ மறுவிசாரணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதை வாசலிலேயே மோப்பம் பிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“அறுபத்தொரு ஆட்டம் சார். நேத்து முழுசாப் பார்த்தேன். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் ஆடியிருக்கார்னு பல் டாக்டர் சொன்னார். நானும் ஒத்துக்கறேன். ரெண்டு மனுஷங்க உக்காந்து இப்படி ஆட மாட்டாங்க. இதைப் பாருங்க.”

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பலகையில் காய்களை நகர்த்தினார். வெள்ளை ராணி நேராகப் போய்க் கறுப்பு யானையின் வாயில் நின்றது. கறுப்பு அதை வெட்டியது. வெள்ளைக் குதிரை தானாகப் போய் விழுந்தது. பிறகு யானை. பிறகு இன்னொரு யானை.

“தானமாக் கொடுக்கறார்” என்றாள் ஜெராக்ஸ். “கறுப்பும் வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்குது. கல்யாண மொய் மாதிரி.”

“கிண்டல் பண்ணாதீங்க. இதோ பாருங்க, இருபதாவது நகர்வு.” கோச்சின் விரல் நின்றது. “வெள்ளை ராஜா தானா நடந்துபோய் வெட்டுல நிக்குது. கறுப்பு அந்த ராஜாவையே வெட்டுது. அதுக்கப்புறமும் ஆட்டம் நடக்குது! செஸ்ஸுல ராஜாவை யாரும் வெட்ட முடியாதும்மா. ராஜாவுக்குப் போக்கிடம் இல்லைன்னா அதோட ஆட்டம் முடிஞ்சுது. அந்த அடிப்படையே மறந்துபோச்சுன்னா நான் என்ன எழுதிக் கொடுக்க முடியும்?”

கமா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எதுல ஆடினார்?”

“இலவசமாக் கிடைக்கற ஒரு ப்ரோக்ராம். யாரோ ஆர்வலர்கள் எழுதினது. விளம்பரம் கிடையாது, பதிவு பண்ணச் சொல்லாது. நானும் பசங்களுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கேன். பார்க்கப் பழைய சாமானா இருக்கும். ஆனா படு கறார். தப்பா நகர்த்தினா காயைத் திருப்பி அதே கட்டத்துல வச்சிடும்.”

“ராஜாவைக் கொண்டுபோய் வெட்டுல வச்சா?”

“ஒத்துக்காது. காய் திரும்பி வந்துடும்.”

“ம், அப்புறம்? இங்கே ஒத்துக்கிட்டிருக்கே.”

கோச் பலகையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே குளத்தில் யாரோ தொபுக்கென்று குதித்தார்கள்.

“ப்ரோக்ராமுக்கும் மறதி வந்துடுச்சு போல” என்றாள் ஜெராக்ஸ். “அதையும் வேன்ல ஏத்திடலாமா?”

கோச் காகிதங்களைப் பரபரவென்று புரட்டினார். “தலைப்பு எங்கே? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே அந்த ப்ரோக்ராம் நாலஞ்சு வரி எழுதும். தேதி, வெள்ளை யாரு, கறுப்பு யாரு, என்ன வகை ஆட்டம்னு. அது ஒண்ணுமே இதுல இல்ல.”

“வகைன்னா?”

“அதுல சாதாரண செஸ் மட்டும் இல்ல சார். மெனுவுல ஒரு பட்டியல் இருக்கும். காயை எல்லாம் கலைச்சு அடுக்கற ஆட்டம், வெட்டின காயை நம்ம காயா மாத்தி இறக்கற ஆட்டம், வெட்டினா சுத்தி இருக்கறதெல்லாம் வெடிச்சுப்போற ஆட்டம். இருபது முப்பது வகை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “பல் டாக்டர் பக்கம் குறையட்டும்னு தலைப்பை வெட்டிட்டு நகர்வுகளை மட்டும் பிரிண்ட் எடுத்திருக்கார். தலைப்பு எங்கேன்னு நான் கேட்டிருக்கணும். ஒரு மனுஷனோட தலைவிதி. கேக்காம எழுதிக் கொடுத்துட்டேன்.”

அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கிற சான்றிதழ்களைப்போல ஆபத்தானது வேறில்லை.

*

மூன்று மணிக்கு அவர்கள் பல் டாக்டர் வீட்டு மாடியில் இருந்தார்கள். கீழே கிளினிக்கில் பல் குடையும் மெஷின் விட்டுவிட்டு இரைந்தது.

கதவைத் திறந்தது அம்மா. சின்ன உருவம். வாரி முடித்த வெள்ளை முடி. குரல் மட்டும் இன்னும் நாற்பது வயதுக்காரியுடையது.

“வணக்கம். உள்ளே வாங்க. என்னம்மா, இன்னைக்கு டூட்டி இல்லையா?”

“பாதி நாள் லீவு போட்டிருக்கேன்மா.”

ஹாலில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. சுவரெங்கும் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ரயில் நிலைய அறிவிப்புப் பலகை மாதிரி ஒரே அளவான, திருத்தமான எழுத்து. ‘குளியலறை.’ ‘உப்பு.’ ‘சர்க்கரை.’ ‘இது வெளிக்கதவு, திறக்க வேண்டாம்.’ தொலைபேசிக்கு மேலே இந்த வீட்டு எண்ணையே எழுதி ஒட்டியிருந்தது.

“எல்லாம் அப்பா எழுத்து” என்றாள் ஓட்டுநர். “தனக்கு மறந்துபோகுதுன்னு தானே எழுதி ஒட்டிக்கிட்டார். இதையும் அண்ணன் சாட்சியா சொல்றான்.”

ஜெராக்ஸ் நின்றபடியே எல்லாவற்றையும் படித்துக்கொண்டு போனாள். கமா குனிந்து குனிந்து படித்தார். மூன்றாவது சீட்டில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து எதையோ சொல்ல வந்தார். அதற்குள் அறைக் கதவில் தலை இடிக்காமல் குனிந்து, ஆறடி உயரத்தில் அப்பா வெளியே வந்தார்.

“யாரு? இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?” என்றார் அவர்.

அன்று வியாழக்கிழமை. நடிப்பு சுமார்தான்.

“உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாக்கலாமா?” என்றார் கமா.

“அது ரிப்பேர்.”

“அப்படியா? இதோ ஓடுதே சார்.” ஜெராக்ஸ் ஏற்கெனவே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நகல் எடுத்துப் பழகியவளுக்கு ஒரு கோப்பைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? பச்சையும் மஞ்சளுமாகப் பலகை திரையில் விரிந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. மேலே ஒரு மெனு, கீழே இரண்டு கடிகாரம், நடுவில் அறுபத்துநான்கு கட்டம்.

“கிடைச்சுது சார். தலைப்புல ஆட்ட வகைன்னு ஒரு வரி இருக்கு. அறுபத்தொண்ணுக்கும் ஒரே வகை. இழக்கற ஆட்டம். யாரு தன் காயை எல்லாம் முதல்ல இழக்கறாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்களாம். எதிராளி காய் மாட்டினா வெட்டியே ஆகணுமாம். ராஜாவும் மத்த காய் மாதிரிதான், தாராளமா வெட்டலாம்.”

“அப்படின்னா,” என்றாள் ஓட்டுநர், “அப்பா தப்பா ஆடல.”

“தப்பே இல்ல. அந்த ஆட்டத்துக்கு இது சரியான ஆட்டம்” என்றாள் ஜெராக்ஸ்.

“அப்பா!” அவள் ஓடிப்போய் அந்த உயரமான மனிதரைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ப்பா. இருங்க, இப்பவே அண்ணனை மேலே கூப்பிடறேன். வேனைத் திருப்பி அனுப்பச் சொல்றேன்.”

அம்மா தண்ணீர்த் தம்ளரோடு வந்தாள்.

“எப்பம்மா வந்தே? இன்னைக்கு டூட்டி இல்லையா?”

“இல்லம்மா!” என்று சந்தோஷத்தில் கத்திவிட்டு, அவள் போனில் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

கமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எரிந்த கடைகளுக்கு முன்னால் நின்ற நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்தவர் அவர். நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் மனிதனுக்கு முகம் தெளியும். இந்த முகத்தில் ரத்தமே இல்லை.

“போனை வைங்கம்மா” என்றார் கமா.

“ஏன் சார்?”

“ஒரே ஒரு நிமிஷம். ஜெராக்ஸ், வெள்ளை யாரு?”

ஜெராக்ஸ் திரையைப் பார்த்தாள். “வெள்ளை, எக்ஸ்சேஞ்ச். கறுப்பு, டைம்டேபிள்.”

“எல்லா ஆட்டத்துலயுமா?”

“எல்லாத்துலயும். அறுபத்தொண்ணுலயும் வெள்ளைக்குத்தான் வெற்றி.” அவள் புருவம் சுருங்கியது. “ஆனா சார், இழக்கறவங்க ஜெயிக்கற ஆட்டம்னா கறுப்பும் இழக்கத்தானே பாக்கணும்? இது ஒரு சிப்பாயைக்கூட விட்டுக் கொடுக்கலையே. வெட்டிக்கிட்டே போகுது. வெள்ளையை ஜெயிக்க வைக்கணும்னே ஆடின மாதிரி இருக்கு.”

“மேலே போ. பழைய ஆட்டங்களுக்கு.”

கோப்பு மேலே மேலே ஓடியது. நான்கு வருடம். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து தினமும் மத்தியானம் ஓர் ஆட்டம். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம், எல்லாம் சாதாரண செஸ். அதில் தொள்ளாயிரத்தில் எக்ஸ்சேஞ்ச் வென்றிருந்தாள். அப்புறம், போன வருடக் கடைசியில், தொடர்ந்து பதினோரு தோல்வி. பிறகு நான்கு நாள் ஆட்டமே இல்லை. அதன் பிறகு ஒன்பது ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. கலைத்து அடுக்கியது ஒன்று. இறக்கி ஆடுவது ஒன்று. வெடிப்பது ஒன்று. ஒன்பதிலும் எக்ஸ்சேஞ்ச் தோற்றாள். பத்தாவதாக அந்த இழக்கும் ஆட்டம். அதில் வென்றாள். அதற்குப் பிறகு வேறு வகையே இல்லை.

ஜெராக்ஸின் விரல் சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது.

“அம்மா,” என்றார் கமா ஓட்டுநரிடம், தன் சுபாவத்துக்கு விரோதமாக மெதுவாக, “இந்தச் சீட்டையெல்லாம் படிக்க நான் குனிய வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் குனியல. உங்கப்பா என்னைவிட ஒரு சாண் உயரம். தனக்குன்னா தன் கண்ணு மட்டத்துலதானே ஒட்டியிருப்பார்? இது யாரோட கண்ணு மட்டம்?”

ஓட்டுநர் சீட்டுகளைப் பார்த்தாள். தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். நானூறு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவள், தண்ணீர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா, இன்னைக்கு டூட்டி இல்லையா?” என்று பிரியமாகக் கேட்டாள் அம்மா.

மகளின் கையிலிருந்த போன் தானாக அணைந்தது. அவள் சத்தம் வராமல் அழுதாள்.

*

அம்மாவைப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தார் அப்பா. நடிப்பை ஹாலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கணக்காகப் பேசினார்.

“குதிரையை யானை மாதிரி நகர்த்துவா. காய் திரும்பி வந்துடும். ஏன் வர மாட்டேங்குதுன்னு என்னைக் கேப்பா. பதினோரு நாள் தோத்தா. பதினோராவது நாள் அழுதா. அவ அழுது நான் பாத்ததில்ல. சும்மா நீதான் ஜெயிச்சேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவகிட்ட நான் பொய் சொன்னதில்லம்மா. அம்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல.”

“அதான் பட்டியலைப் பாத்தீங்க” என்றார் கமா.

“மேலேயிருந்து கீழே ஒவ்வொண்ணா ஆடிப் பாத்தேன். இவ இப்ப ஆடற மாதிரி ஆடினா எந்த ஆட்டத்துல ஜெயிக்கலாம்னு. இவ ஏற ஒரு வண்டியாவது இருக்காதான்னு. இருந்துது. யாரோ முகம் தெரியாத ஆளுங்க, காசு வாங்காம, இப்படி ஒரு ஆட்டத்தையும் எழுதி உள்ளே வச்சிருக்காங்க. தோத்துக்கிட்டே இருந்தா ஜெயிக்கலாம்னு. முடிஞ்சதும் திரையில வெள்ளைக்கு வெற்றின்னு வரும். நான் பொய் சொல்லல. கம்ப்யூட்டரே சொல்லுது.”

“அந்தக் கேள்வித்தாள்?” என்றாள் மகள். “எனக்குப் பிள்ளைங்க இல்லைன்னு எப்படிப்பா டிக் போட்டீங்க?”

“அது ஒண்ணுதான் கஷ்டமா இருந்துது.”

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இல்லத்தின் விதிமுறைத் தாளை எடுத்தார். அடியில், யாரும் படிக்காத சிறிய எழுத்தில் ஒரு வரி அடிக்கோடிட்டிருந்தது. முப்பது வருடம் அட்டவணையின் அடிக்குறிப்புகளை எழுதியவர், அடிக்குறிப்பைத்தான் முதலில் படிப்பார். பெண் நோயாளிகளின் பிரிவில் ஆண் துணைக்கு அனுமதி இல்லை.

“அவ நோயாளின்னா அவ தனியாப் போகணும். நான் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பாக்கலாம். நான் நோயாளின்னா அவ எனக்குத் துணை. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். ரெண்டு பேரும் சேர்ந்து போக வேற வழி இல்லம்மா. நான் எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்.”

“என்கூட வந்துடுங்கப்பா. ரெண்டு பேரும்.”

“உனக்குக் காலைல நாலு மணிக்கு டூட்டி. ஒண்டுக் குடித்தனம். அன்னைக்கு அந்தத் திரை எரிஞ்சப்ப நான் குளியலறையில இருந்தேன். மொத்தம் ஆறு நிமிஷம். எனக்கு எழுபத்தாறு வயசாச்சு. அங்கே ராத்திரி பகல் ஆள் இருக்காங்க. போறதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. பிரிச்சிடுவாங்களோன்னுதான் பயம்.”

“அங்கே டாக்டருங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களா சார்?” என்றாள் ஜெராக்ஸ்.

“கண்டுபிடிப்பாங்க. ரெண்டு மாசமோ ஆறு மாசமோ ஆகும். அது வரைக்கும் ஒண்ணா இருப்போம். அதுக்கப்புறம் அவளுக்கு என்னையே ஞாபகம் இருக்குமோ என்னவோ.” அவர் மகளைப் பார்த்தார். “உங்கண்ணன்கிட்ட சொல்லாதே. அவனுக்குப் பொய் சொல்ல வராது. ஃபாரத்தைத் திருத்திடுவான்.”

ஜெராக்ஸ் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

“ப்ரோக்ராமையும் ஆட்டங்களையும் சேர்த்து நகல் எடுத்துத் தரேன் சார். அங்கே இருக்கற எந்த மெஷின்ல வேணும்னாலும் போட்டுக்கலாம். இலவசம்தான், யாரும் கேக்க மாட்டாங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நகல் எடுக்கறதுதானே என் பொழப்பு.”

“தலைப்போட எடும்மா” என்றார் அப்பா.

நாலு மணிக்கு அவர்கள் அறுபத்திரண்டாவது ஆட்டத்தை ஆடினார்கள். அம்மா ராணியைக் கொண்டுபோய் யானைக்கு எதிரே வைத்தாள். அப்பா வெட்டினார். குதிரையை வைத்தாள். வெட்டினார். தன் காய் ஒன்றுகூட அவளுக்கு எதிரே போய்விடாமல் அவர் எவ்வளவு கவனமாக ஆடினார் என்பதை, செஸ்ஸே தெரியாத ஜெராக்ஸ்கூடப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கடைசிச் சிப்பாயும் போனது. திரையில் எழுத்து வந்தது.

“யாருங்க ஜெயிச்சா?”

“படிச்சுப் பாரு, எக்ஸ்சேஞ்ச்.”

“வெள்ளைக்கு வெற்றி.” அம்மா கணவனைப் பார்த்துச் சிரித்தாள். “நானா? நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா ஆடணும்.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பல் டாக்டர் படியேறி வந்தார். நெற்றியில் இன்னும் விளக்குப் பட்டை. நல்ல தூக்கம் இல்லாத கண்கள். யாராவது தன்னைத் தடுத்துவிட மாட்டார்களா என்ற ஆசையும், தடுத்துவிடுவார்களோ என்ற பயமும் அந்தக் கண்களில் ஒன்றாக இருந்தன.

“துப்பறியற ஆளைக் கூட்டிட்டு வரேன்னு காலைல சொன்னே. என்ன சார் கண்டுபிடிச்சீங்க?”

கமா சுவரில் இருந்த சீட்டுகளை ஒரு தடவை பார்த்தார். இருபத்தாறு வருடம் சாம்பலைக் கிளறி உண்மையைத் தவிர வேறெதையும் எழுதிக் கொடுக்காதவர்.

“நீங்க சொன்னதுதான் சார் சரி” என்றார். “வேற ஒண்ணும் இல்ல.”

பல் டாக்டர் தங்கையைப் பார்த்தார். அவள் படிவத்தைப் பிரித்தாள். ‘நோயாளியின் பெயர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ‘மேற்கண்டவர் சிந்தை தெளிவற்றவர் என நான் அறிவேன்’ என்று அச்சடித்திருந்தது. செத்தாலும் போட மாட்டேன் என்று காலையில் சொன்ன கையெழுத்தை அவள் சாயங்காலம் அந்த வரிக்கு நேராகப் போட்டாள். பேனாவை மூடிக் கொடுக்கும்போது அப்பா அவளுடைய தலையில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

வேன் தெருவில் நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். அப்பா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நோயாளியைப்போல வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்கேம்மா போறோம்?”

மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தினமும் ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிற கைகள் அவளுடையவை.

“அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லம்மா. மறதி. நீதான் துணைக்குப் போறே.”

அம்மா உள்ளே எட்டிக் கணவனைப் பார்த்தாள். முகம் வாடியது. பிறகு மகளின் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று ரகசியமாகச் சொன்னாள்.

“நீ ஒண்ணும் கவலைப்படாதே. அவரை நான் பாத்துக்கறேன். நீ டூட்டிக்குப் போ.”